அடுக்களைப் பக்கம் திரும்பி அவள் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்

திண்டிவனம். எட்டு மணிக்கே வெயில். மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

என் மனைவி மேரியின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு இன்னும் இருபத்தைந்து நாள். அதற்குள் பத்து வினாடிப் படம். வினாடிக்குப் பன்னிரண்டு ஓவியம், ஆக நூற்றிருபது. எல்லாம் என் கையால். நாற்பது வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிச் சுற்று எண்ணியவனுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை. வரையவும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

படத்தில் வர வேண்டியது: சாயங்காலம். கடையிலிருந்து வந்து வாசலில் சைக்கிளை நிறுத்துகிறேன். மேரி பார்க்கிறாள். அடுக்களையில் இருக்கும் மகள் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "அவர் வந்துட்டார், சோறு போடு" என்று கையால் சொல்கிறாள். அவ்வளவுதான். ஸ்டெல்லா கல்யாணமாகிப் போகும்வரை தினமும் நடந்தது.

அவளுக்குக் காது கேட்காது. பேச்சும் இல்லை. அந்தக் கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் கற்றதல்ல, வீட்டில் அவளாக உண்டாக்கியது. வீடியோ ஒன்றுகூட இல்லை.

பேருந்து நிலையம் எதிரே கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கற்பகம், நாலு மென்பொருள் காட்டினாள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. என் குறிப்பு:

1. குருவிப் படம் போட்டது. இலவசம். போன ஓவியம் மங்கலாக அடியில் தெரிகிறது, அதன்மேல் அடுத்ததை வரையலாம். திறக்க வெகு நேரம்.

2. மாத வாடகைக்காரன். பெரிய ஸ்டுடியோக்கள் வைத்திருப்பதாம். வாடகை நின்றால் நான் வரைந்ததை நானே திறக்க முடியாதாம். வேண்டாம்.

3. கைப்பேசியில் விரலால் வரைவது. என் விரலுக்கு மேரியின் விரல்கள் வாழைப்பழமாக வருகின்றன. வேண்டாம்.

4. நடு ஓவியங்களைத் தானே போட்டுக்கொள்வது. நாளை மறுநாள் பார்க்க வேண்டும்.

இருமல் மருந்து தீர்ந்தது.

ஜூன் 5, வியாழன்

புழுக்கம். மேகம் வந்து கலைந்தது.

நாலாம் நம்பர். கை கீழே இருக்கும் ஓவியம் ஒன்று, மேலே இருக்கும் ஓவியம் ஒன்று கொடுத்தேன். நடுவில் உள்ள ஒன்பதையும் அதுவே போட்டது. கை நேர்கோட்டில் ஏறியது, ரயில்வே கேட்டு தூக்குவது போல. மேரியின் கை அப்படிப் போகாது. இடுப்பிலிருந்து கிளம்பி, நெஞ்சருகே ஒரு நொடி தயங்கி, அப்புறம் போகும். காயிலில் ஒரு சுற்று விட்டாலும் மோட்டார் புகையும். இவன் ஒன்பது சுற்றை அவனாகக் கட்டுகிறான். வேண்டாம்.

கற்பகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"எத காட்னாலும் வேணாம் வேணாம்னா எதத்தான் சார் எடுப்பீங்க? பொண்ணு பாக்க வர்ற மாப்ள ஊட்டுக்காரங்ககூட இவ்ளோ பேஜாரு பண்ணமாட்டாங்க."

"நான் வாங்க வந்தவன்மா."

"இலவசத்த வாங்க வந்தீங்களா?"

பக்கத்தில் பத்திரிகை மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் அவள் நல்ல மனதோடுதான் ஒன்று செய்தாள். "ஒரு போட்டோ இருந்தா போதும் சார். ஜல்தி வேல. அதுவே கண்ணு சிமிட்டும், தலய ஆட்டும்." மேரியின் ரேஷன் கார்டு போட்டோவைப் போட்டாள். மேரி கண் சிமிட்டினாள். தலை ஆட்டினாள். பிறகு வாயைத் திறந்து பேசினாள். சத்தம் இல்லை, உதடு மட்டும். சரளமாக, நம் எல்லாரையும் போல.

முப்பத்தெட்டு வருடத்தில் அந்த உதடு அப்படி அசைந்து பார்த்ததில்லை.

சுவிட்சை அணைத்தேன். கற்பகம் அடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் பத்திரிகையும் சேர்ந்து போயிற்று. அவள் திட்டவில்லை. "தண்ணி குடிங்க சார்" என்றாள்.

குருவியே முடிவு. பேத்தி ஜெனி விட்டுப்போன பழைய மடிக்கணினி போதும். பேனாவால் வரையும் பலகை கற்பகத்திடம் சும்மா கிடக்கிறது, பூசை வரை தருகிறாள்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தேன். சாமியார் பிரசங்கம் நீளம். கல்லறையில் புல் முளைத்திருக்கிறது. பிடுங்கினேன்.

வீடியோ ஏன் இல்லை என்று எழுதி வைக்கிறேன். என்னைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள்.

கிளியனூரில் உறவுக்காரக் கல்யாணம். வீடியோக்காரன் மேரி கையால் பேசுவதைக் கிட்டப் போய் எடுத்திருந்தான். பிறகு அந்தக் கேசட்டைப் போட்டபோது, அவள் வரும் இடத்தில் வீடே சிரித்தது. திருப்பிப் போட்டுச் சிரித்தார்கள். மேரியும் அங்கே உட்கார்ந்திருந்தாள். எதற்கென்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து யாரும் அவளைப் படம் எடுக்கக் கூடாது என்றேன். அது தவறா?

போன வருடம் ஏப்ரல், பொம்மையார்பாளையம் கடற்கரை. பேத்தி ஜெனி கைப்பேசியில் எடுத்துவிட்டாள், பாட்டி அலையைப் பார்த்து ஏதோ சொல்வதை. அழிக்கச் சொன்னேன். அழித்ததெல்லாம் போய்ச் சேரும் இடம் ஒன்று இருக்கிறதாமே, அதையும் காலி பண்ணும்வரை பக்கத்திலேயே நின்றேன். இரண்டு மாதத்தில் மேரி இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிடும்போது ஸ்டெல்லா எல்லார் முன்பும் சொன்னாள்: "ஒரு வீடியோகூட இல்லாம பண்ணிட்டீங்களேப்பா." அதிலிருந்து நான் விழுப்புரத்தில் அவள் வீட்டுக்குப் போவதில்லை. அவள் சொன்னது பொய் என்று சொல்லவில்லை. சபையில் சொன்னாள்.

ஜூன் 11, புதன்

நேற்று இரண்டு தூறல். முதுகு வலி. இதுவரை அறுபத்து மூன்று ஓவியம்.

"வந்துட்டார்", விரல் வாசலைக் காட்டும். "சோறு", ஐந்து விரலும் குவிந்து வாயருகே. "போடு", உள்ளங்கை கவிழும். இவை மூன்றும் தெரியும், என் கை தானாகவே செய்கிறது. சிக்கல் முதல் சைகையில். "அவர்."

மேரி எல்லாருக்கும் பெயர் வைத்திருந்தாள். காதுமடலைத் தொட்டால் ஸ்டெல்லா. கன்னத்தில் விரல் குத்தினால் ஜெனி, குழி விழும். எதிர்வீட்டு வாத்தியாருக்கு மூக்குக் கண்ணாடி. என் பெயரை மட்டும் நான் பார்த்ததில்லை. என்னிடம் பேச என் பெயர் எதற்கு? தோளைத் தொடுவாள், அவ்வளவுதான். ஸ்டெல்லாவிடம் சொல்லும்போது அடுக்களைப் பக்கம் திரும்பியிருப்பாள். வாசலிலிருந்து எனக்குத் தெரிந்தது முதுகும் வலது முழங்கையும். பாதி இந்தப் பக்கம் திரும்பிய பிறகுதான் மற்ற மூன்றும் தெரியும்.

யோசித்து, ஆள்காட்டி விரலைச் சுற்றுவது போல வரைந்திருக்கிறேன். காயில் சுற்றுவது. என்னை வேறு என்னவென்று சொல்லியிருப்பாள்.

ஜூன் 14, சனி

நூற்றிருபதும் முடிந்தது. ஓட்டிப் பார்த்தேன்.

மேரிதான். திரும்புகிறாள், சொல்கிறாள், பத்து வினாடி, தீர்ந்துவிடுகிறது. நாற்பது தரம் ஓட்டியிருப்பேன். கஞ்சி அடுப்பில் தீய்ந்தது.

ஒரு தப்பு. விரலைச் சுற்றினால் முழங்கை விடாமல் ஆட வேண்டும். எனக்கு ஞாபகம் இருக்கும் முழங்கை ஒரே ஒரு முறை ஏறி நிற்கும். ஒன்று என் ஞாபகம் தப்பு, இல்லை நான் வரைந்த விரல் தப்பு. அவளுக்கு முன்னால் நின்றவள் ஒருத்திதான்.

நாளை விழுப்புரம். எழுதிவிட்டால் போயாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

காலை பஸ். விக்கிரவாண்டி வரை நின்றுகொண்டே. மடிக்கணினியைக் கீழே வைக்க இடமில்லாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லா கதவைத் திறந்தாள். "வாங்கப்பா." மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். படத்தை ஓட்டினேன்.

கையில் இருந்த கரண்டியோடு பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"அப்பா, இது நீங்க இல்ல. மாவு மில்லுக்காரரு."

"யாரு?"

"இப்டி வெரல சுத்துனா மாவு மில்லுக்காரரு. அவரு வந்துட்டாரு, சோறு போடுன்னு சொல்லுது அம்மா." சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அம்மாவ அப்டியே கொண்டாந்துட்டு இப்டி பண்ணிட்டீங்களே."

"அப்ப நான் எப்படி?"

ஸ்டெல்லா கரண்டியைக் கழுவப் போனாள். திரும்பவும் கேட்டேன். "அது எதுக்குப்பா இப்ப?" என்றாள். மூன்றாம் முறை கேட்டேன். விடுகிறவனா நான்.

கையை ஈரத்தோடு உயர்த்தினாள். உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்கள் நேராக. ஒரு முறை மேலே வந்து நின்றது. அந்தச் சைகைக்கு அர்த்தம் எனக்கும் தெரியும்.

வேண்டாம்.

"கோவத்துல இல்லப்பா. சும்மா பேரு. காத தொட்டா நானு, இப்டி காட்னா நீங்க."

"எத்தன வருசமா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்சதுலருந்தே."

உள்ளறை வாசலில் ஜெனி நின்றிருந்தாள். அவளுக்கும் தெரியும் என்று முகத்தில் தெரிந்தது. வீடு முழுக்க என்னை அப்படித்தான் அழைத்திருக்கிறது, எனக்குப் பின்னால்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். கத்திரிக்காய் குழம்பு, வறுத்த மல்லாட்டைக் கடலை போட்ட துவையல். ஸ்டெல்லா இரண்டாம் முறை சோறு கொண்டுவந்தாள். என் கை தட்டுக்கு மேலே தானாக எழுந்தது. உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்கள் நேராக.

ஸ்டெல்லா சோற்றோடு நின்றாள். ஜெனி தட்டைப் பார்த்தாள்.

கையை இறக்கினேன். போட்டாள். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது ஜெனியிடம் ஒன்று கேட்டேன், கடற்கரையில் பாட்டி அலையைப் பார்த்து என்ன சொன்னாள் என்று. "ஞாபகம் இல்ல தாத்தா. வீடியோல இருக்குன்னு நான் சரியா பாக்கல."

ஜூன் 17, செவ்வாய்

விடியலில் நல்ல மழை. வெட்டுக்கிளி ஒன்று பலகைமேல்.

முதல் இருபத்திரண்டு ஓவியத்தை அழித்தேன். புதிதாகப் போட்டேன். கை இடுப்பிலிருந்து கிளம்பி, நெஞ்சருகே தயங்கி, மேலே வந்து நிற்கிறது. முழங்கை ஒரு முறைதான் ஏறுகிறது. என் ஞாபகம் தப்பில்லை.

முகம் வரவில்லை. விழுப்புரத்துக்குப் போன் செய்தேன். அதைச் சொல்லும்போது அம்மா முகம் எப்படி இருக்கும்?

"மொகம் ஒண்ணும் தனியா இருக்காதுப்பா. சோறு ஆறிப்போவுதேன்னு இருக்கும்."

அப்படியே வரைந்தேன்.

ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரிந்தது. படம் அடுக்களையிலிருந்து, ஸ்டெல்லா நின்ற இடத்திலிருந்து பார்ப்பது. அப்படியானால் மேரியின் முதுகுக்குப் பின்னால் வாசல் தெரிய வேண்டும். நூற்றிருபதிலும் வாசலை வெள்ளையாக விட்டிருக்கிறேன்.

அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்க வேண்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாதவனாகவே வரைய வேண்டும்.