இடமில்லை என்றது கணினி

நிலவின் மறுபக்கம், ரிலே நிலையம்.
பதிவு: மங்கையர்க்கரசி, கணினிப் பொறியாளர்.

நாள் 212, 09:10
மின்சாரம், காற்று, வெப்பம் சரி. ஜெபராஜ் பாறை மாதிரி எடுக்க வண்டியில் கிளம்பினான். அறுபது கிலோமீட்டர் தெற்கே, ஐந்து நாள் வேலை. இங்கே நாங்கள் இருவர்தான். அவன் பேசுவது இந்த நிலையக் கணினி வழியாகத்தான் வர வேண்டும்.

நாள் 213, 10:40
காலையிலிருந்து அவன் குரல் வரவில்லை. வண்டியின் 'நலம்' குறி மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இயங்குதளத்தைத் திறந்து பார்க்கிறேன்.

நாள் 213, 15:25
கண்டுபிடித்தேன். நேற்றிரவு நினைவகம் சற்று நேரம் நெருக்கடியில் இருந்திருக்கிறது. உடனே வலையமைப்பு நிரல், வரும் செய்திகளுக்கான இடத்தைச் சுருக்கிக்கொண்டது. அது முறைதான். நெருக்கடி தீர்ந்ததும் விரித்திருக்க வேண்டும். பாதியில் அறுந்த இணைப்புகள் பிடித்திருந்த இடத்தைக் கணக்கிலிருந்து கழிக்க, நிரலை எழுதிய எவனோ மறந்திருக்கிறான். நினைவகம் முக்கால்வாசி காலி. இதுவோ இடமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. சின்னக் குறிகள் நுழைகின்றன, குரல் செய்திகள் நுழைவதில்லை.

நிரலில் அந்த வரிக்கு மேலே, எழுதியவனின் குறிப்பு வேறு: 'இது சில சமயம் தப்பாகக் கூட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள்.' தெரிந்தே ஊசிப்போன சோற்றைப் பரிமாறியிருக்கிறான். சீ.

நாள் 213, 17:00
பூமியோடு பேச வேறு கருவி உண்டு. தலைமைப் பொறியாளர் கோமகளுக்குத் திருத்தத்தை அனுப்பி அனுமதி கேட்டேன். பதில்: 'காத்து ஓடுறதும் அதே கணினியிலதான். அதுல கை வைக்காதீங்க, மங்கை. அவரோட நலக் குறி வந்துட்டுதானே இருக்கு? குழு கூடி முடிவு சொல்லும்.'

நாள் 214, 11:30
குழு பிழையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருத்தத்தில் நான் ஒரு மாறிக்கு வைத்த பெயர் விதிப்படி இல்லையாம். பெயரை மாற்றி அனுப்பினேன். அனுப்பிய பிறகு கை கழுவ வேண்டும் போலிருந்தது.

நாள் 215, 12:05
கூட்டம் நாளைக்குத் தள்ளிப்போயிற்று. போதும். நானே திருத்தினேன். ஒரே வரி, நாற்பது நொடி. கணினி அணைந்து எழ நான்கு நிமிடம். காற்று விசிறி நின்று, மறுபடி ஓடியது.

12:11
வண்டியில் தேங்கிய செய்திகள் வரிசையாக இறங்குகின்றன. முப்பத்தொன்று.

12:20
முதலாவது, நாள் 213, 08:15. அச்சு முறிந்து வண்டி பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. காற்றுத் தொட்டி கசிகிறது. நாற்பது மணி நேரம் தாங்கும், மீட்பு வண்டியோடு வரச் சொல்கிறான். பதற்றமே இல்லாத குரல்.

12:48
அவன் சொன்ன நாற்பது மணி நேரம் நேற்று நள்ளிரவோடு முடிந்துவிட்டது. அங்கே போக ஆறு மணி நேரம். முந்தாநாள் மாலை திருத்தம் என் கையில் இருந்தது. நலக் குறியை அனுப்புவது வண்டியின் மின்கலம், அவன் அல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்தும் அதைப் பார்த்துப் பார்த்துத் தேறுதல் சொல்லிக்கொண்டேன். எவனையோ திட்டினேனே. என்னை நினைத்தால்தான் குமட்டுகிறது.

13:02
கடைசிச் செய்தி, நேற்று 19:40. நாக்கு குழறுகிறது.
'எக்கா, நீங்க பதில் சொல்லாட்டியும் கேட்டுட்டுதான் இருக்கீயன்னு எனக்குத் தெரியும். இந்நேரம் கெளம்பியிருப்பீய. நான் கொஞ்சம் கண்ண மூடுதேன். வந்ததும் எழுப்புங்க.'

13:16
உடை போட்டாயிற்று. மீட்பு வண்டியில் இரண்டு பேருக்கான காற்றை ஏற்றினேன். ஏன் இரண்டு பேருக்கு என்று யாரும் கேட்க வேண்டாம்.