என் வீட்டு முகப்புப் பலகை

அல்லாஹ் மண்ணுக்குள் உங்கள் கப்ரை வெளிச்சமாக்கி வைக்கட்டும். இந்தத் துஆவை ஓதி முடித்துவிட்டுத்தான் இந்தக் கோபத்தை எழுத உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து அறுத்த மரத்தின் வாசம் திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வருகிறது. சீமையிலிருந்து சாமான் வந்த பெட்டிப் பலகை, பிசின் வாசம். உங்கள் தம்பி தச்சுப் பாஸைக் கூட்டி வந்து முற்றத்தில் அறுக்க வைத்திருக்கிறார். மழைக்காலக் காற்றில் உடைந்து தொங்கிய நீங்கள் மாட்டிய கூரையோரப் பலகைகளைக் கழற்றிவிட்டு, அச்சு மாறாமல் அதேபோல் புதிது மாட்டப் போகிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இத்தாவில் இருக்கிறேனே, நான்கு மாதம் பத்து நாள் அறைக்குள்; வெளியே வந்து தடுக்கவா போகிறேன்!

இது யார் வீடு? வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. நீங்கள் வீடோடு வந்த மாப்பிள்ளை. நிக்காஹுக்கு முன்பே வாப்பா வளவுப் பலாவை வெட்டி, கொடியும் பூவுமாகச் செதுக்க வைத்து, முகப்பு நீளத்துக்கும் பதித்திருந்தார். வந்த அன்று வாசலில் நின்று நீங்களே அதை அண்ணாந்து பார்த்தீர்கள். ஜன்னல் வழியாக நான் உங்களைப் பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு கோப்பிக் காசு வந்தது. ஹேவாஹெட்டத் தோட்டங்களிலிருந்து கண்டிக்குக் கோப்பி இறக்க உங்களுக்கு வண்டிக்கு மேல் வண்டி. துரை பங்களாவுக்குப் போய்வந்தால், அதன் கூரையோரத்தில் பல்லுப்பல்லாக வெட்டித் தொங்கவிட்ட பலகையைப் பற்றியே பேச்சு. "துரமார் கண்ணுக்கு நம்மட ஊடும் ஒரு ஊடாத் தெரியோணும்" என்பீர்கள். மூத்தவளைப் பெற்று நாற்பது கழியாமல் நான் அறைக்குள் கிடந்தபோது, ஒரு நாள் வெளியே சுத்தியல் சத்தம். என்னவென்று ராத்தாவிடம் கேட்டேன்.

"ஒன்ட மாப்பிள வாப்பாட பலகயெல்லாம் பேத்தெடுக்குறாரு புள்ள" என்றாள்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீங்களோ உள்ளே வந்து, "வெளிய வந்து பாத்தீங்கன்டா அசந்து போவீங்க" என்று சிரித்தீர்கள்.

துரை பங்களாவில் கண்டதுபோலவே பல்லுப் பலகை செய்து மாட்டிவிட்டு, வாப்பாவின் பலகைகளைக் களஞ்சிய அறையில் பரப்பி, ஈரம் ஏறாமல் அவற்றின் மேல் கோப்பி மூட்டைகளை அடுக்கினீர்கள். பூவேலை மண்ணைப் பார்த்துக் கிடந்தது. யாருக்காக இவ்வளவும்? அந்தத் துரை ஒரே ஒரு தடவை மழைக்கு நம் கூரைக்குக் கீழே ஒதுங்கினார். குதிரையைத் துடைத்தார், போய்விட்டார். மேலே பார்க்கவேயில்லை. அதற்குப் பிறகு கோப்பி இலையில் மஞ்சள் பொட்டாக நோய் விழுந்து தோட்டங்கள் பட்டுப்போயின. மூட்டை போனது, வண்டி போனது, இப்போது நீங்களும் போய்விட்டீர்கள்.

இரண்டு தடவையும் நான் அறையை விட்டு வர முடியாத நாளாகப் பார்த்துத்தான் ஆண்களுக்கு என் வீட்டு முகப்பில் கை வைக்கத் தோன்றியிருக்கிறது. இந்தத் தடவை நான் அழவில்லை. திரைக்குப் பின்னால் நின்று உரத்துக் கூப்பிட்டேன்.

"தம்பி, அறுக்குறத நிப்பாட்டச் சொல்லுங்க."

"எங்கட நானா ஆசயா வெச்சது மதினி. அவர்ட நெனவுக்கு அப்பிடியே ஈக்கட்டும்."

"உங்கட நானா மௌத்தாகிட்டார். ஊடு மௌத்தாகல்ல. களஞ்சியத்தில என்ட வாப்பாட பலக ஈக்கி. அதக் கழுவி ஏத்தச் சொல்லுங்க."

"இத்தாவில ஈக்கிற பொம்புள இப்பிடிச் சத்தம் போட்டா சனம் என்ன சொல்லும்?"

"முகத்தத்தான் மறச்சீக்கி. வாய இல்ல."

மரம் அறுக்கும் வாள் சத்தம் நின்றது. இரண்டு பலகை ஓரத்தில் உளுத்திருக்கிறதாம். பரவாயில்லை, அப்படியே ஏற்றுங்கள் என்றேன். அஸர் தொழுகைக்கு முன் ஏற்றி முடித்துவிட்டார்கள். இத்தா முடிந்த பிறகுதான் என் கண்ணால் பார்க்கலாம்.

இனி இவள் கோபம் ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். அன்று சுத்தியலை எடுக்குமுன் அறை வாசலில் வந்து நின்று ஒரு தரம் கேட்டிருந்தால், உங்கள் ஆசைக்காக வாப்பாவின் பலகையைக் கழற்ற நானே சம்மதம் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவேயில்லையே.