வெர்லினின் சோளம் சாயவில்லை

அயோவா, ஆகஸ்ட் 19

அன்பு மகள் ஜோயெலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாடுகளும் நலம், நைரோபியில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததும் சர்ச் விருந்துக்குச் சமைக்கிற வேலையை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டாள், நான் சொன்னால் கேட்பதில்லை. போன செவ்வாய் அடித்த காற்றில் நம் வடக்கு வயல் மக்காச்சோளம் முழுக்கப் படுத்துவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரே இல்லை, புழு தின்று தீர்த்திருக்கிறது. புழுவைக் கொல்லும் மரபணு வைத்த விதைதான், எட்டு வருஷமாக அதையே போட்டேன், புழு அதற்குப் பழகிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் வெர்லின் ஹூக்ஸ்ட்ராவின் சோளம் அசையாமல் நிற்கிறது.

தானியக் கிடங்கில் எல்லாரும் காபி குடிக்கும்போது அவன், "அர்லோ, உம்ம பொண்ணு சொன்னதத்தான்யா செஞ்சேன். போன வருஷம் சோயா போட்டேன், திங்க சோள வேரில்லாம புழுவெல்லாம் பட்டினியில செத்துச்சு. உம்மகிட்ட அவ சொல்லலியா?" என்றான். சொன்னாய். மூன்று வருஷத்துக்கு முன் ஈஸ்டர் சாப்பாட்டில் நீ சொன்னபோது, மாட்டுக்குச் சோளம் வேண்டாமா என்று சிரித்தவன் நான்தான். ஆனால் நீ அவனோடு போனில் ஒரு மணி நேரம் பேசினாயாம், வரைபடமெல்லாம் அனுப்பினாயாம். சோளம் போனதைவிட அதை நினைத்துத்தான் எனக்கு வயிறெரிந்தது. என் மகளின் விவசாயப் படிப்பு அவன் வயலில் அல்லவா விளைந்து நிற்கிறது.

மறுநாள் வேலியோரம் நடந்தபோது நம் வயல் புழுக்கள் வண்டுகளாகிப் பறந்துபோய் அவன் சோளக் கதிர்களில் மொய்ப்பதைப் பார்த்தேன். அவை அங்கே முட்டையிட்டால் அடுத்த வருஷம் அவன் சோளத்துக்கும் இதே கதிதான். உன்னிடம் மறைப்பானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள், "இதுக்கா சிரிக்கிறீங்க? அந்த வண்ட வளத்ததே நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள். எனக்கும் அதற்குமேல் இறங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வெர்லின் வீட்டுக்குப் போய், என் வண்டு உன் வயலுக்கு வந்துவிட்டது, அடுத்த வருஷம் அங்கே சோளம் போடாதே, நானும் போடப்போவதில்லை என்று சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "எதுக்கும் ஜோயெல்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம்யா" என்று உன் புது நம்பரைக் கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய்யைத் திருத்திவிடுகிறேன், அதற்குமுன் நீ ஒருமுறை எனக்குப் போன் செய். எந்த வயலில் சோயா, எதில் சோளம் என்று நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன், இந்தத் தடவை சிரிக்கமாட்டேன். கொசுவலை கட்டாமல் தூங்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். என்னிடம் முதலில் சொல்லம்மா, வெர்லினுக்கு நான் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்லோ