உப்பு பூத்த கப்பல்

பாய், நேற்று உங்கள் மகனை அறைந்துவிட்டேன். அவனும் என்னைச் சட்டையோடு பிடித்துப் புளி மூட்டைகள் மேல் தள்ளினான். ஒரு மூட்டை கிழிந்தது. மற்றபடி சேதம் இல்லை.

நீங்கள் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த கையோடு, நாம் செய்த அந்தச் சின்ன மரக்கப்பலை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் புதூர்நாட்டு மலைக்கு, என் கிடங்குக்கு ஏறி வந்தான். துணியை விலக்கியதும் அந்த வார்னிஷ் வாசனை. என் புருவத் தழும்பு அரித்தது. "எடது பக்கம் பெயிண்ட் உரிஞ்சி கெடக்கு மாமா. மேல ஏதோ கறை வேற. சுரண்டிட்டு புதுசா அடிச்சுடலாம்" என்றான். நான் பதில் சொல்லுமுன் உப்புத்தாளை எடுத்து மேல்தட்டில் தேய்த்தான். என் கை தானாகப் போய்விட்டது.

அது என்ன கறை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தோல் வியாபாரத்துக்கு வரமாட்டேன் என்றதற்கு அவனை பெல்ட்டால் விளாசினீர்கள். சரக்குக் கப்பல் வேலைக்குப் போனவன் ஐந்து வருடம் பேசவில்லை. அவன் வருகிறான் என்று தெரிந்ததும் ஒரு மரக்கப்பல் பெட்டியை வரவழைத்து, வாணியம்பாடியிலிருந்து என் புளிக் கிடங்குக்குத் தூக்கி வந்தீர்கள். உள்ளே குச்சிகள், நூல், படம் போட்ட காகிதம். "வூட்ல செஞ்சா அவங்கம்மா போன்ல சொல்லிடுவா. மன்னிப்புனு வாயால கேக்க எனக்கு வராது, புளி. இத்த அவன் முன்னாடி வெச்சிட்டு எழுந்து போய்டுவேன்." என்னைப் பெயர் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே இல்லை.

பலகைகளை ஊறவைத்தால்தான் வளையும் என்று படத்தில் இருந்தது. வலது பக்கத்தை நீங்கள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினீர்கள். இடது பக்கம் என் பொறுப்பு. புளிக்குத் தெளிக்கக் கரைத்து வைத்த உப்புத் தண்ணீர் பீப்பாய் பக்கத்திலேயே இருந்தது. அதில் போட்டேன். வளைந்தது. ஒட்டினோம், வெள்ளையும் நீலமும் அடித்தோம். மழை பிடித்த மூன்றாம் நாள் உப்பு பூத்து, இடது பக்கம் முழுக்கப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. மறுநாள் மகன் வருகிறான்.

"எதுல ஊறப் போட்ட?"

"உப்புத் தண்ணியில. கப்பலு அதுலதான பாய் போவுது?"

உங்கள் கையிலிருந்த உளி பறந்து வந்தது. புருவம் கிழிந்து ஒரு கண் மூடியது. புளி தட்டும் கட்டையை எடுத்து உங்கள் இடது கையில் இறக்கினேன். சுண்டுவிரல் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் தோளைக் கடித்தீர்கள். உங்கள் தலையைக் கதவில் மோதினேன். யாராவது விலக்கிவிட்டிருந்தால் அன்றோடு ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்திருக்க மாட்டோம். விலக்க ஆளில்லை. மேசை சாய்ந்து, கப்பல் விழுந்து, நடுப் பாய்மரம் ஒடிந்தது. அந்தச் சின்னச் சத்தத்தில் இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

"பசை எங்க?" என்றீர்கள்.

ஒரு கையால் நீங்கள் பிடிக்க, ஒரு கண்ணால் பார்த்து நான் ஒட்டினேன். என் ரத்தம் மேல்தட்டில் சொட்டியது. துடைக்கப் போனேன். "வுடு. தேக்கு கலர் வந்துட்ச்சி" என்று அதன் மேலேயே வார்னிஷ் அடித்தீர்கள். கொப்புளத்தைச் சரிசெய்ய நேரமில்லை. மறுநாள் உங்கள் வீட்டில் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்தோம்.

மகன் கப்பலைப் பார்த்தான். உங்கள் கைக்கட்டைப் பார்த்தான், என் கண்கட்டைப் பார்த்தான். "யாரு ஜெயிச்சது?" என்றான். எழுந்து போவதாகச் சொன்னவர் நீங்கள், போகவில்லை. அவன் ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் சொல்லச் சொல்ல, சோறு ஆறிப்போகும்வரை உட்கார்ந்து கேட்டீர்கள்.

நேற்று மூட்டை மேல் கிடந்தபடியே இதை அவனுக்குச் சொன்னேன். உப்புத்தாளை மடித்துப் பைக்குள் போட்டான். "கப்பலு எனக்கு வேணும் மாமா. பாதி நீங்க செஞ்சது. பதிலுக்கு இன்னா கேக்கறீங்க?"

பேரம் என்று வந்தபின் நான் கூச்சப்படுவதில்லை. பேசி முடித்தோம். கப்பல் அவனுக்கு. கறையைச் சுரண்டக் கூடாது, கொப்புளத்தில் பெயிண்ட் படக் கூடாது. உங்கள் கருவிப் பெட்டியில் கிடக்கும் அந்த உளி எனக்கு.