செலவு கம்மியான ஊர்

இன்று காலை நம் மேனேஜர் ஒரு புது ஷூ பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தார். தோல் வாசனை அறை முழுக்கப் பரவியது. மூச்சை இழுத்து ரசித்துவிட்டு, “உங்க ஆம்பூர் சரக்குதான்” என்றார் என்னிடம். அந்த வாசனைக்கு முந்தைய நாற்றம் அவருக்குத் தெரியாது. தோல் பதனிடும் கழிவோடு நம் தெருச் சாக்கடையில் ஓடி, மூடிய சன்னலையும் தாண்டி வந்து, சிறு வயதிலேயே உன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்ட நாற்றம் அது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பெங்களூர் ஆபீசைச் சுருக்குகிறார்களாம். நான் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாமாம். சம்பளம் மட்டும் ஊருக்கு ஏற்றபடி. “அங்க செலவு கம்மிதானே?” உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. உன்னிடம் சொன்னதுகூட அவருக்கு நினைவில்லை.

பெங்களூர் நமக்குச் சொர்க்கமாக இருந்ததில்லை. ஒரே அறையில் நாம் இரண்டு பேர், குளிக்க வரிசை, சம்பளத்தில் பாதியை விழுங்கிய வாடகை. ஆனாலும் உனக்கு மூச்சு முட்டிய அன்று, தெருமுனை ஆஸ்பத்திரிக்கு உன்னை நடத்தியே கூட்டிப்போனேன். மறுநாள் நீ வேலைக்கு வந்தாய்.

உன் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் நீ ஊருக்குப் போய் அங்கிருந்தே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. சம்பளத்தை வெட்டினார்கள். அதைக் கேட்டு நீ சும்மா இருக்கவில்லை. ஆபீசில் எல்லோர் முன்னாலும் மேனேஜரைக் கேட்டாய்.

“எண்ணெய்க்கு ஊரு தெரியுமா சார்? இங்க என்ன வெலையோ அங்கயும் அதான். போர்த் தண்ணி வாய்ல வைக்க முடியாது, கேன் வாங்கணும். அம்மாவ டாக்டர்கிட்ட காட்ட வேலூருக்கு வண்டி வைக்கணும். கம்மிதான் சார், எல்லாமே கம்மி. தண்ணி கம்மி, டாக்டர் கம்மி, நல்ல காத்து கம்மி. அதுக்கு சம்பளத்த ஏத்தித்தான் தரணும்.”

சிலர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வெட்டிய சம்பளம் வெட்டியதுதான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் உனக்கு மூச்சுத் திணறியது. பக்கத்து வீட்டு அன்வர் பாய் உன்னை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ரயில் பாலத்தடியில் இடுப்பளவு தண்ணீர். ஒவ்வொரு மழைக்கும் அங்கே நிற்கிற தண்ணீர்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிற தண்ணீர். சாவு வீட்டில் அன்வர் பாய் என்னைப் பார்த்ததும் உடைந்துபோனார். “வண்டி எறங்கவே முடிலம்மா. சுத்திக்கினு போறதுக்குள்ள பாப்பாவுக்குக் கண்ணு சொருகிடுச்சி.”

வந்தவர்கள் எல்லோரும் ‘விதி’ என்றார்கள். பாலத்தடித் தண்ணீரை மிதித்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். உன் அம்மாவும் கடைசியில் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்.

இன்று நான் உன் பெயரைச் சொன்னேன். “அவ எப்படிச் செத்தான்னு தெரியுமா சார்?”

கொஞ்சம் யோசித்தார். “ஆஸ்துமான்னு கேள்விப்பட்டேன்.”

“இல்ல சார். ஊருக்குள்ள ஒரு மழ பேஞ்சுது. அதுல செத்தா. செலவு கம்மின்னு நீங்க சொல்ற ஊர்ல அந்தக் கம்மிக்கு யாரோ வெல குடுக்கிறாங்க சார். அவ குடுத்தா. நான் போறேன், ஆனா முழுச் சம்பளம் வேணும். இல்லன்னா ஏன் வெட்டுறீங்கன்னு எழுதிக் குடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அநேகமாக என் வேலை போகும். போகட்டும்.

‘இன்னும் எத்தனை நாளைக்குடி இந்தக் கோவம்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆறவிட எனக்கு இஷ்டமில்லை. இது ஆறிவிட்டால் நீ விதியால் செத்தவள் ஆகிவிடுவாய். இல்லை என்று சொல்ல ஒருத்தியாவது இருக்க வேண்டும். இருக்கிறேன்.