பாக்கலாமுங்க என்றால் என்ன அர்த்தம்

என் பிரியமான சாந்தாமணி,

உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் இடத்துக்கு வந்த பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டு நேரம், எல்லோரும் கேன்டீனில் இருக்கிறார்கள். என் டப்பா திறக்காமலே கிடக்கிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. பீளமேட்டுக் கல்லூரியில் மாலை நேர எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி நாள்.

ஆமாம், அதே எம்.பி.ஏ.தான். காரமடையில் பஸ் ஏறி காந்திபுரத்தில் இறங்கும்வரை நீயும் நானும் ஓயாமல் பேசினோமே, அதுதான். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், சனிக்கிழமை முழு நாள். வேலையை விடாமல் படித்துவிடலாம் என்று நீ விரல் விட்டு எண்ணிக் காட்டுவாய். நான் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தலையாட்டுவேன்.

நீ போய் இரண்டு வருஷமாகிறது. கம்பெனியில் நிறைய மாறிவிட்டது. பம்ப் அசெம்பிளிக்குப் புது ஷெட் போட்டிருக்கிறார்கள். நம் பிளானிங் செக்‌ஷனுக்கு ஏசி வந்துவிட்டது. கேன்டீன் காப்பி மட்டும் மாறவில்லை, இன்னும் அதே கழனித்தண்ணிதான். நமக்குச் சென்னையிலிருந்து ஒரு புது மேனேஜர் வந்திருக்கிறார். நல்ல மனுஷன். என் சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

போன மாதம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "சீனியர் பிளானர் போஸ்ட் உங்களுக்குத்தான் மேடம். ஆனா எம்.பி.ஏ. இருக்கணும்னு ரூல். டிஸ்டன்ஸ் எஜுகேஷன்ல சேர்ந்துடுங்க. அப்படியே ரெண்டாவது ஷிஃப்டையும் நீங்களே பாத்துக்கிட்டீங்கன்னா எனக்கு நிம்மதி. ஓகேதானே?"

நான் சொன்னேன், "பாக்கலாமுங்க சார்."

உனக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். எங்கள் பக்கம் ஒருத்தர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நாக்கு வராது. பாக்கலாமுங்க என்போம். கேட்டவரும் புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டு, "சரிங்க, வாரேனுங்க" என்று கிளம்பிவிடுவார். பெண் கேட்டு வந்தவர்களையே நாங்கள் அப்படித்தான் அனுப்பிவைக்கிறோம்.

சென்னைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? பார்க்கலாம் என்றால் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே நாலு பேருக்கு என்னைப் பற்றி மெயில் போய்விட்டது. ரங்கநாயகி மேடம் ஒப்புக்கொண்டார், அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து இரண்டாவது ஷிஃப்ட் அவர் பொறுப்பு, அவருக்கு நன்றி. கீழே கைதட்டுகிற பொம்மை வேறு. அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்த ஷிஃப்ட் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொடங்கி ராத்திரி பத்துக்கு முடியும். மாலை வகுப்பு ஆறு மணிக்கு. எப்படிப் போவது?

சரிசெய்யலாம் என்று மறுநாள் அவர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ஷிஃப்ட் விசயமுங்க..."

"சொல்லுங்க மேடம், ஏதாவது பிராப்ளமா?"

"ஒண்ணுமில்லீங்க சார். பாக்கலாமுங்க."

சிரிக்காதே புள்ள. வாசலுக்கு வந்து என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாமா என்றிருந்தது.

வீட்டுக் கதையைக் கேள். என் வீட்டுக்காரரை உனக்குத் தெரியும், காரமடையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, அதிர்ந்து பேசத் தெரியாதவர். மாலை வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டேன். "பாக்கலாம் அம்மணி" என்றார். எனக்குத்தான் அந்த பாஷை தெரியுமே, அப்போதே புரிந்துவிட்டது. மறுநாள் அவரே வந்து, "எதுக்கு அம்மணி அலையோணும்? டிஸ்டன்ஸ்னு ஒண்ணு இருக்குதாமே, ஊட்டுல இருந்தே படிச்சுக்கலாமல்ல?" என்றார். அத்தைக்கும் அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. "ஊட்டுல இருந்தா அப்படியே அடுப்பையும் ஒரு எட்டுப் பாத்துக்கலாமல்ல கண்ணு."

டிஸ்டன்ஸ் மட்டம் என்று நான் சொல்லவில்லை சாந்தா. அக்கவுண்ட்ஸ் கௌசல்யா அப்படித்தான் படித்து, நல்லபடியாகத் தேறி, இன்றைக்கு வேறு கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறாள். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை உண்டு, அந்த அறைக்குத் தாழ்ப்பாளும் உண்டு. என் வீட்டில் நான் புத்தகத்தைப் பிரித்தால், "அம்மா, ஸ்கேல் எங்கே?" சிலிண்டர்காரர் வந்துவிடுவார். "கண்ணு, சித்த வந்துட்டுப் போ." உட்கார்ந்திருப்பவள் சும்மா இருப்பவள் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது.

எனக்கு வேண்டியது வெறும் பட்டமா? ஓர் அறையில் ஒரு பெஞ்சு, கரும்பலகை, எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி யாரோ பேசிக்கொண்டிருக்க, அந்த மூன்று மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது. இது பேராசையா, சொல்லு. டிஸ்டன்ஸ்தான் உனக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கம்பெனிக்கும் நான் குறைய மாட்டேன், வீட்டுக்கும் குறைய மாட்டேன், அதுதான் அதில் இருக்கிற நல்லது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லையே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டாவது வெளியே வரலாம்.

உனக்கு மட்டும் எப்படி வாய் வந்தது? பழைய மேனேஜர் ஒரு தடவை ஸ்டாக் எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் ஆறு பேரும் பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க என்று தரையைப் பார்த்தோம். நீ மட்டும் சிரித்த முகமாக, "முடியாதுங்க சார். ஞாயித்துக்கிழமை நான் எண்ணெ தேச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்தோணுமுங்க" என்றாய். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எப்படிடி உன்னால் முடிகிறது என்று பஸ்ஸில் கேட்டேன்.

"முடியாதுக்குப் பின்னாலயும் ஒரு 'ங்க' போட்டுப் பாரு புள்ள. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு, சோலியும் முடிஞ்சுது."

இப்போது ஒரு கவர் விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் ஸ்டேப்ளர் பின் தேடி உன் மேசையின் அடி டிராயரைத் திறந்தேன். விரித்திருந்த காலண்டர் தாள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் ஒரு பழுப்புக் கவர். உள்ளே இரண்டு விண்ணப்பங்கள், இதே கல்லூரி, இதே மாலை வகுப்பு, மூன்று வருஷத்துக்கு முந்தியவை. இரண்டிலும் உன்னுடைய குண்டு குண்டு எழுத்து. என்னுடையதில் என் ரத்த வகை வரைக்கும் எழுதிவைத்திருக்கிறாய். உன்னுடையதில் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாய்.

அப்புறம் ஏன் கொடுக்காமல் போனாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஞாபகம் வந்தது. துடியலூர் தாண்டி பஸ் நின்றிருந்தபோது கேட்டாய், "ரங்கு, இந்த வருசமே ரெண்டு பேரும் சேந்துபோடலாமா?" என் பாப்பா அப்போதுதான் ஒண்ணாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் என்ன சொன்னேன்? "பாக்கலாம் சாந்தா."

நீயும் இந்த ஊர்க்காரிதானே. "செரி புள்ள" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாய். கல்லூரி திறந்த பிறகு, நீயாவது சேர்ந்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "திரும்பி வாரப்ப பஸ்ஸுல லொள்ளு பேச ஆள் வேண்டாமா? அடுத்த வருசம் போலாம் போ" என்றாய். அடுத்த வருஷம் விண்ணப்பம் கொடுக்கிற நேரத்தில் உனக்குக் காய்ச்சல். நாலே நாள்.

ஊரில் எல்லோருக்கும் முடியாது என்று சொல்லத் தெரிந்தவள், என்னை மட்டும் ஏன் விட்டாய்? நீ பாட்டுக்குப் போயிருக்க வேண்டாமா? என்னுடைய ஒரு பாக்கலாம் உனக்கு ஒரு வருஷமாகிவிட்டது. உனக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு வருஷம்தான். இதை எழுதும்போது எனக்கு எழுத்து தெரியவில்லை, கண் மறைக்கிறது.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தவேண்டியதாகிவிட்டது. போன் வந்தது, என் வீட்டுக்காரர். கடையில் சாப்பாட்டு நேரத்தில், பாவம், எனக்காக உட்கார்ந்து டிஸ்டன்ஸ் விண்ணப்பத்தைத் தன் போனில் முழுவதும் நிரப்பிவிட்டார்.

"அம்மணி, உன்ர போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும் பாரு. ஆறு நம்பர். சொல்லு."

வந்திருந்தது. ஆறு எண்களும் கண்ணுக்கு நேரே நின்றன. கவர் மடியில் இருந்தது.

"ஏனுங்க..."

"சொல்லு, சொல்லு. நேரம் ஓடுது."

"முடியாதுங்க."

கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை அவர் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"என்ன முடியாது? நம்பர் தெரியிலயா? கண்ணாடியப் போட்டுப் பாரு."

"நம்பர் நல்லாத் தெரியுதுங்க. சொல்ல முடியாதுங்க. நான் காலேஜுக்குப் போயித்தான் படிக்கோணுமுங்க."

கடைசியில், "செரி, சாயங்காலம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அந்தப் பாக்கலாமுக்கு அர்த்தம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டில் அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். பாப்பாவை யார் பார்ப்பது என்ற பேச்சு வரும். ஆனால் அந்த ஆறு எண்களுக்குக் கெடு முடிந்துவிட்டது.

மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டார், கண்ணாடி வழியாகத் தெரிகிறார். சென்னைக்காரர், முடியாதுங்க என்றால் முடியாது என்றுதான் எடுத்துக்கொள்வார். சீனியர் பிளானர் போஸ்ட் கையை விட்டுப் போகலாம், போகட்டும். இதை மடித்து உன் கவருக்குள் வைத்துவிட்டு நேரே அவர் அறைக்குத்தான் போகிறேன். நாளைக் காலையில் இங்கே உன் மேசையில் உட்கார்ந்து மாலை வகுப்புக்கு விண்ணப்பம் போடுகிறேன். இனிமேல் யாரிடமும் பாக்கலாம் என்று சொல்லி அவர்களைக் காக்க வைக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

துடியலூர் தாண்டி நீ கேட்டதற்கு நான் இன்னும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சேந்துபோடலாம் சாந்தா.

ஜன்னலோரத்தை உனக்கு ஒரு நாளும் விட்டுக்கொடுக்காத
உன் கூடப்பிறக்காதவள்,
ரங்கநாயகி