இரசத்தில் கலக்காத காளான்

செவன் கிங்ஸ், லண்டன்
13.10.1991, ஞாயிறு, பிற்பகல் 3.10
காலையிலிருந்து இது இருபத்தாறாவது கைகழுவல்.

அன்புள்ள கலாவதி அண்ணிக்கு,

நான் சுகம். அண்ணை சுகம் என்று எழுத மாட்டேன். மேலே உள்ள எண்ணிக்கை அவருடையது. குழாய்ச் சத்தம் இப்போதும் கேட்கிறது. முழங்கை வரை தோல் வெடித்துப் போயிற்று.

உங்கள் விசா பற்றிக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரிலிருந்து இன்னும் பதில் இல்லை. மறுபடி நேர்முகத்துக்கு அழைத்தால் அண்ணையை எப்படிக் கொண்டுபோவேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். அவர் ஏன் உங்களுக்கு எழுதுவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவர் தொட்ட தாள் உங்கள் கைக்கு வரக்கூடாதாம். அவ்வளவுதான் காரணம். வேறு எதையும் கற்பனை பண்ண வேண்டாம்.

காளான் விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் அதைப் பற்றி எழுதியது நான்தான். நான் கருவிகள் திருத்தும் ஆஸ்பத்திரியின் நூலகத்தில் ஒரு அமெரிக்க வைத்திய இதழ் கிடந்தது. அண்ணைக்கு வந்த இதே நோயுள்ள வருத்தக்காரர் ஒருவர், இல்லாததையெல்லாம் கண்ணுக்குக் காட்டும் ஒருவகைக் காளானைத் தின்றாராம். அந்த நேரம் முழுக்க, தீட்டுப் பட்டுவிட்டது, கழுவு என்கிற மாதிரி யோசனைகள் வரவேயில்லையாம். இந்த நாட்டில் ஐப்பசியில் அது புல்வெளியில் தானாக முளைக்கிறது. என்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரன் ஒருவன் கொஞ்சம் பறித்து வந்து தந்தான்.

நீங்கள் என்ன எழுதினீர்கள்? "அவருக்குச் சொல்லாதையும். இரசத்தில கலந்து குடும்." அண்ணி, சொல்லாமல் விட்டுத்தானே இந்த வருத்தமே வந்தது. எங்களைப் பெற்ற ஐயா தையில் ஊரில் செத்தார். விசாவுக்கான நேர்முகம் முடியும்வரை அண்ணைக்குச் சொல்லக்கூடாது என்று கொழும்பில் எல்லோரும் கூடி முடிவெடுத்தீர்கள். சாவுத் தீட்டு, துடக்கு என்று தெரியாமல் அண்ணை சிவராத்திரிக்கு இங்கே கோயில் மடப்பள்ளியில் நின்று நைவேத்தியம் பொங்கினார். பங்குனியில் செய்தி சொன்னோம். அன்று தொடங்கிய கழுவல். கோயிலுக்கு வரும் சுலோச்சனா மாமி, "ஆசாரமான பிள்ளை" என்று மெச்சினார். நாங்களும் துடக்குக் கழிக்கிறார், தானாக நிற்கும் என்று இருந்துவிட்டோம்.

இவ்வளவும் தெரிந்தும் நேற்று மத்தியானம் கலக்கத்தான் போனேன். அரைத்து வைத்திருந்தேன். அண்ணை மேசையில் வந்து இருந்து வழக்கம்போலக் கேட்டார்.

"நீதானே காய்ச்சினனி? வேற ஒண்டும் படேல்லைத்தானே?"

வேறு யார் சமைத்தாலும் அவர் தொடமாட்டார். இந்த ஊரில் சுத்தமான கை என்று அவர் நம்புவது என் கையை மட்டும்தான். கலக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், உங்கள் கடிதம் ஒன்றைத் தவிர.

கத்துவார் என்று நினைத்தேன். கோப்பையைப் புறங்கையால் தள்ளிவைத்துவிட்டு, அது எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று கேட்டார். நாலு மணித்தியாலம் இருக்கலாம், பிறகு எல்லாம் திரும்பி வந்துவிடும், அதுவும் ஒருவருக்கு நடந்த கதை, சரியான அளவு ஒருவருக்கும் தெரியாது, இன்னும் மோசமாகவும் போகலாம் என்றேன்.

"நாலு மணித்தியாலம் காணும் தம்பி. கலாவதிக்கு ஒரு கடிதம் எழுதிப்போடுவன்."

நேற்றிலிருந்து என் கைச் சாப்பாட்டையும் தொடவில்லை. தானே உரித்த வாழைப்பழம் மட்டும்.

இனி நான் செய்யப்போவது:

1. அரைத்த காளானை அண்ணை பார்த்திருக்க மலகூடத்தில் கொட்டித் தண்ணீர் அடிப்பது.

2. வியாழக்கிழமை அந்த இதழின் பிரதியோடு டாக்டரிடம் போவது. ஆஸ்பத்திரியில் வைத்து, வருத்தக்காரருக்குச் சொல்லிவிட்டே, யாராவது இதைச் செய்து பார்க்கிறார்களா என்று கேட்பது. சிரித்தால் சிரிக்கட்டும். இல்லையென்றால், அவர் முன்பு எழுதித் தந்து, வாய் காய்கிறது என்று அண்ணை விழுங்காமல் நிறுத்திய குளிசையை மறுபடி தொடங்க வைப்பது.

3. இன்று சோறு காய்ச்சும்போது அவரைப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்துவது. சாப்பிடாவிட்டால் நாளைக்கும் அப்படியே.

4. இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுவது, நீங்கள் எழுதிய அந்த வரியோடு சேர்த்து. ஆகையால் அண்ணி, பதிலை எனக்கு எழுதவேண்டாம், அவருக்கே எழுதுங்கள். தாளை அவர் தொடமாட்டார். அவர் வாசித்து முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

பத்மநாதன்